ஒரு நாள் பறக்கக்கூடாது

தாய்லாந்தில் ஒரு சிறிய தீவில் பல வருடம் வேலை பார்த்தேன். முதலில் பரோட்டா மாஸ்டர். பிறகு, காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டி. பொன்னமராவதி பக்கம் எங்கள் ஊரில் இந்த இரண்டாவது வேலையைச் சொன்னால் யாருக்கும் புரியாது. முத்துக்குளிக்கிறாயா, சங்கு எடுக்கிறாயா என்று கேட்பார்கள். எதையும் எடுப்பதில்லை, பார்த்துவிட்டு மேலே வந்துவிடுவோம் என்றால் சிரிப்பார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் விளக்கிப் பேச வராது. அதனால் ஊருக்கு நான் கடைசிவரை ஹோட்டல் வேலைக்காரன்தான். ஆத்தாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

ஆத்தாவுக்கு இது பெரிய வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது இதைக் கேட்காமல் வைக்கமாட்டாள்.

"ஏப்பா, கடலுக்குள்ள போயி மீனப் புடிக்காம வேடிக்க பாத்துட்டு வர்றதுக்கா காசு குடுக்குறாய்ங்க?"

"ஆமா ஆத்தா."

"ஒரு மீனக் கூடவா கொண்டுவர மாட்டாய்ங்க?"

"தொடவே கூடாது ஆத்தா."

"வெவரமில்லாத பயலுக. நம்ம கம்மாய அழிச்சு ஊரே எறங்கி மீன் புடிக்கிறப்ப ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லு."

அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. எனக்குப் பெண் பார்த்தார்கள், தட்டிப்போனது, பிறகும் பார்த்தார்கள், பிறகு நின்றுவிட்டது. அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். எனக்கென்று இருந்தது ஆத்தா மட்டும்தான்.

தீவில் பரோட்டாக்கடை வைத்திருந்தவர் கோட்டைப்பட்டினத்துக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். கடைக்கு வருகிறவர்கள் முக்கால்வாசி முதுகில் பெரிய பையோடு ஊர் சுற்றுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள். கையில் செருப்பு, முழங்காலில் கட்டு. வாடகை ஸ்கூட்டரில் விழாத ஆளை அங்கே பார்க்க முடியாது. ஒரே அறையில் பத்துப் பேர் அடுக்குக் கட்டிலில் தூங்குவார்கள். மூன்று நாள் இருக்க வந்தேன் என்று சொல்லும் பெண் மூன்றாவது மாதமும் அதே பெஞ்சில் உட்கார்ந்து பரோட்டா கேட்பாள். ஊருக்கு எப்போது போவாய் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. பணம் தீர்ந்தால் போவார்கள், சலித்தால் போவார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருக்கும்.

பக்கத்துக் கடை டைவிங் கடை. ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு பெரியவர் நடத்தினார். மத்தியானத்தில் எனக்கு வேலை இருக்காது. அவர் கடையில் சிலிண்டர் ஏற்றி இறக்க உதவுவேன். ஒரு நாள் என்னையும் தண்ணீருக்குள் இறக்கினார். ஊர்க் கிணற்றில் முங்கிப் பழகியவன்தானே, பயமில்லை. ஆனால் உள்ளே போனதும் எனக்குப் பிடித்தது மீனோ பவளமோ இல்லை. அங்கே யாரும் பேச முடியாது. பெரிய படிப்புப் படித்தவனும் கையால் இரண்டு சைகைதான் காட்டுவான். மேலே நாலு பேர் கூடினாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு, கீழே எல்லோரும் என்னைப் போலவே இருந்தார்கள். கற்றுக்கொண்டேன். பரீட்சைகளைத் தட்டுத்தடுமாறி எழுதினேன். கொஞ்ச வருடத்தில் அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஆழத்துக்குப் போய்வந்தால் அடுத்த ஒரு நாள் முழுக்க விமானத்தில் ஏறக்கூடாது. ஆழத்தில் அழுத்தம் அதிகம். அங்கே மூச்சு விடும்போது காற்றில் ஒரு பங்கு ரத்தத்தில் கரைந்து நிற்கும். அது மெல்ல மெல்லத்தான் வெளியேற வேண்டும். அதற்கு முன்னால் மேலே பறந்தால், சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்குவதுபோல் உடம்புக்குள் குமிழ் கட்டிவிடும். கால் கை விளங்காமல் போகலாம், ஆளே போகலாம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுப்பேன். கடைசி நாள் டைவ் அடித்துவிட்டு அன்றைக்கே ஊருக்குக் கிளம்புகிறவர்களை எத்தனையோ முறை தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

அன்று காலை இரண்டு முறை இறங்கியிருந்தேன். இரண்டாவது ஆழமான இடம். படகு கரைக்கு வரும்போது பாய் மணலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கடையை விட்டு வெளியே வரும் ஆளில்லை. என் போன் கடையில் இருந்தது, அக்கா அவருக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

"தம்பி, அம்மா தவறிட்டாங்கப்பா. விடியக்காலையில. தூக்கத்துலயே."

நனைந்த உடுப்போடு அவர் தோளில் சாய்ந்தேன். அவர் சட்டையெல்லாம் நனைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பக்கத்துத் தீவுல ஏர்போர்ட்டு இருக்கு. சாயந்தரம் பாங்காக் போயிரலாம். அதிகாலையில திருச்சி பிளைட்டு. நாளைக்குக் காலையில வீட்ல நிப்ப. நான் டிக்கெட் போடுறேன்."

அக்காவிடம் பேசினேன். "நாளைக்குக் காலையில வந்துருவியாப்பா? ஐஸ் பெட்டி சொல்லிட்டோம். ஒனக்காக வச்சிருக்கோம்" என்றாள். வந்துவிடுகிறேன் என்றேன். ஆத்தாவுக்கு நான் ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவன்.

பை எடுக்க அறைக்குப் போனபோது டைவிங் கடைப் பெரியவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இன்று முடியாது, நாளை மத்தியானம் வரை முடியாது என்றார். எனக்குத் தெரியாதா? ஆனாலும் போகிறேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. போன வருடம் ஆழத்துக்குப் போய்வந்த அன்றே, வெறும் தோள்வலிதானே என்று அலட்சியமாகக் கிளம்பி, விமானத்திலேயே இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு பையனைப் பற்றி மட்டும் சொன்னார். அந்தப் பையனை எனக்கும் தெரியும். என் பரோட்டா சாப்பிட்டவன். நான் பையைக் கீழே வைத்தேன்.

நாளை மத்தியானத்துக்குப் பிறகு கிளம்பினால் மலேசியாவில் இரவு தங்கி, மறுநாள் காலைதான் திருச்சி. அக்காவுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். பெரியப்பா எடுத்தார்.

"என்னப்பா, கெளம்பிட்டியா?"

"இல்ல பெரியப்பா. நாளைக்கு வர முடியாது. நாளன்னைக்குக் காலையில வந்துர்றேன். அதுவரைக்கும் வச்சிருங்க."

"ஏன், டிக்கெட்டு கெடைக்கலயா?"

"கெடச்சுருச்சு. காலையில கடலுக்குள்ள ஆழத்துக்குப் போயிருந்தேன். போயிட்டு வந்தா ஒரு நாளைக்கு ஏரோப்ளேன்ல ஏறக்கூடாது பெரியப்பா. ரத்தத்துல காத்து கட்டிக்கிரும்."

அவர் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. "கடல்ல குளிச்சானாம். அதனால ஏரோப்ளேன்ல ஏற மாட்டானாம்." பின்னால் இன்னொரு குரல்: "ஹோட்டல்ல வேலை பாக்குறவன் கடலுக்குள்ள எதுக்குப் போனான்?" யாரோ, "வர மனசில்லன்னா வெளிப்படையாச் சொல்லிறலாம்ல, பெத்தவ கெடக்குறப்ப என்ன கத சொல்லுறான்" என்றார்கள்.

பாய் போனை வாங்கிப் பேசிப் பார்த்தார். அவருக்கும் விவரம் சரியாகத் தெரியாது. "டாக்டர் மாதிரி இவங்க ஓனர் சொல்றாருங்க" என்றார். பெரியப்பா, "சரிங்க, நாங்க பேசிக்கிறோம்" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பொழுது சாயும் நேரம். பிள்ளைகள் பீர் பாட்டிலோடு வந்து மணலில் பாய் விரித்தார்கள். பந்தம் சுற்றி ஆடுகிறவன் கயிற்றை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தான். காலையில் என்னோடு தண்ணீருக்குள் வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் உடனே எழுந்து சற்றுத் தள்ளிப் போய்த் தன் அம்மாவுக்குப் போன் செய்தாள். அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவைக் கூப்பிட்டதைத் தவிர ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

கடைசியில் அக்கா மகள் எடுத்தாள்.

"மாமா..."

"ஆத்தா மொகத்தக் காட்டும்மா. வீடியோல காட்டு."

"தூக்கிட்டாங்க மாமா." அவள் அழுதாள். "இப்பத்தான் தெரு முக்குத் தாண்டுறாங்க."

அவள் போனை வாசல் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். கொட்டுச் சத்தம் கேட்டது. வெடிச் சத்தம் கேட்டது. கொட்டுச் சத்தம் சிறிதாகிக்கொண்டே போய், பிறகு வீட்டுப் பெண்களின் அழுகை மட்டும் கேட்டது. நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பாலன்ஸ் தீர்ந்ததோ என்னவோ, தானாகவே நின்றது.

வீடு போய்ச் சேர்ந்தபோது சாம்பல் அள்ளி, பால் தெளித்து முடித்திருந்தார்கள். எங்கள் பக்கம் வெளியூரிலிருந்து உறவுக்காரர் வந்து இறங்கினால் வீட்டுப் பெண்கள் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். தூரத்து உறவாக இருந்தாலும் அழுவார்கள். நான் பந்தலுக்குள் வந்து நின்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். ஆத்தா படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். அக்கா வந்து பின்னால் நின்றாள்.

"லீவு தரலன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள் மெதுவாக.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பாஸ்போர்ட்ட மொதலாளி புடுங்கி வச்சிருக்கான்னு சொல்லியிருந்தாலும் காத்திருந்திருப்பாங்கப்பா. மேலத்தெருக்காரரு மகன் துபாயில இருந்து வர ரெண்டு ராத்திரி வச்சிருந்தாங்க. பெரியப்பாதான் முன்ன நின்னு வச்சாரு. நீ போயி கடலு, காத்துன்னு... நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல."

அவள் சொன்னது சரிதான். வெளிநாட்டில் வேலை செய்கிறவனுக்கு வர முடியாமல் போவதற்கு என்னென்ன காரணம் இருக்கும் என்று எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காரணங்களில் ஒன்றைச் சொல்லியிருந்தால், ஐஸ் பெட்டியில் இன்னொரு நாள் என் ஆத்தா எனக்காகப் படுத்திருப்பாள். நான் அவர்கள் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னேன். அது உண்மையாக இருந்து என்ன பயன்?

கொள்ளி வைத்தவன் சித்தப்பா மகன், என்னைவிடச் சின்னவன். கொள்ளி வைத்தவன்தான் கருமாதி வரைக்கும் எல்லாம் செய்ய வேண்டும், நடுவில் கை மாற்றக் கூடாது. சொந்த மகன் வந்து நின்றாலும் கூடாது. கருமாதியன்று கம்மாய்க் கரையில் அவன் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தான். "அண்ணே, நான் கேட்டு வாங்கலண்ணே. எல்லாரும் என் தலையில கட்டிட்டாங்க" என்றான். "நீ நல்லாச் செய்யிடா" என்றேன். மொட்டை போட்ட பங்காளிகளோடு நானும் மொட்டை போட்டுக்கொண்டு வரிசையில் ஐந்தாவதோ ஆறாவதோ ஆளாக நின்றேன். ஐயர் 'அம்மா பெயர் சொல்லுங்க' என்று அவனைத்தான் கேட்டார். அவன் என் ஆத்தா பெயரைச் சொன்னான்.

பிறகு நான் தீவுக்குப் போகவில்லை. பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மறுபடியும் பரோட்டா போடுகிறேன். ஊரில் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானாகப் பேசுகிறவனும் இல்லை. பெரியப்பா கடைக்கு வந்தால் குருமா கூடுதலாக ஊற்றுவேன். "போதும்ப்பா" என்பார். அவ்வளவுதான்.

இந்த வருடத் தெவசமும் கொள்ளி வைத்த சித்தப்பா மகன்தான் கொடுத்தான். படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு, நானும் அக்காவும் மட்டும் கொல்லைப் பக்கம் இருந்தோம். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் நிமிராமலே கேட்டாள்.

"அன்னைக்கு நீ பிளைட்டுல ஏறியிருந்தா செத்திருப்பியா?"

இத்தனை நாளில் அதைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும்.

"தெரியலக்கா" என்றேன். "ஒண்ணும் ஆகாமயும் போயிருக்கலாம்."

அவள் கை நின்றது. ஒரு தட்டைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். ஆத்தாவுடைய கண் அவளுக்கு. பிறகு குனிந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன்.