படலை சாத்தாத வீடு

சிட்னியின் புறநகரான கிரவீனில் சத்தியபாமா குடியிருந்த வீட்டின் முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பிப் படலை இருந்தது. எழுபத்தாறாம் ஆண்டு அந்தத் தெருவில் பகல் முழுக்கத் திறந்து கிடந்த படலை அது ஒன்றுதான். கொக்கி உடைந்திருந்தது உண்மை. ஆனால் கொக்கி நன்றாக இருந்திருந்தாலும் அவள் சாத்தியிருக்க மாட்டாள். அவள் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பகலில் படலை சாத்தியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம், இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கு யாரோடோ கோபம் என்று அர்த்தம். சத்தியபாமா வீட்டில்தான் இருந்தாள். கோபமும் இல்லை. கோபிப்பதற்கும் ஓர் ஆள் வேண்டுமல்லவா.

கணவன் இந்திரகுமார் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் படம் வரைகிறவன். காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் பின்னேரம்தான் திரும்புவான். சிட்னியில் தமிழ்க் குடும்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அவர்களைப் பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். புது வீட்டுக்கு வந்த முதல் வாரம், அயலட்டை ஆட்கள் விசாரிக்க வருவார்கள் என்று சத்தியபாமா தினமும் வடை சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. இந்திரகுமார்தான் வடை தின்று களைத்தான்.

வந்தது ஒரு நாய்தான். இந்திரகுமாரோடு வேலை செய்த ஒருவர் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போனது. குசினி வாசலைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு சத்தியபாமா அதை ஏற்றுக்கொண்டாள். வீமன் என்று பெயரும் வைத்தாள். பெயர்தான் வீமன், ஆள் முழங்கால் உயரம். கார்க் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்கை. நாய்க்கென்று தகரத்தில் அடைத்த இறைச்சியை இந்திரகுமார் ஒருநாள் கடையில் வாங்கி வந்து, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். வீமனுக்குச் சோறும் மீன்தலைச் சொதியும்தான். இரண்டு பேருக்கான சமையலில் மிச்சம் எங்கே வரப்போகிறது, அவனுக்கென்றே ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டாள். பகலில் தன் சமையலைச் சாப்பிட இந்த நாட்டில் ஓர் உயிர் இருக்கிறதே என்பதில் அவளுக்குப் பெரிய ஆறுதல்.

அந்தத் தெருவில் நாய் வைத்திருந்தவர்கள் பின்னேரங்களில் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சத்தியபாமாவுக்கு அதைப் பார்க்கவே சிரிப்பு வரும். நாய்க்குக் கால் இல்லையா, தானே நடந்துவிட்டு வராதா? வீமன் காலையில் படலையால் வெளியே போவான், மத்தியானம் சோற்றுக்குத் திரும்பி வருவான். எங்கே போகிறான் என்று அவள் கேட்டதும் இல்லை, யோசித்ததும் இல்லை.

பக்கத்து வீட்டில் டொரீன் என்ற வயதான பெண் தனியே இருந்தாள். ஒருநாள் உடுப்புக் காயப்போடும்போது வேலிக்கு மேலால் பார்த்து, “கேட்டைச் சாத்தி வைப்பது நல்லது. கவுன்சில் வண்டி வந்தால் நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடும்,” என்றாள். சத்தியபாமா சிரித்துத் தலையாட்டினாள். அன்று பின்னேரம் கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

“பூட்டி வைக்க அது என்ன களவே எடுத்தது?”

“இஞ்ச அப்பிடித்தான். நான் சனிக்கிழமை அந்தக் கொக்கியைத் திருத்தி விடுறன். நீர் சாத்தி வையும்.”

“வேண்டாம். படலை சாத்திக் கிடந்தா ஆரப்பா வீட்டுக்கு வருவினம்?”

திறந்து கிடக்கும்போது மட்டும் யார் வந்தார்கள் என்று இந்திரகுமாருக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அந்த வகையில் அவன் நல்ல மனிதன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீமன் சாப்பிட வரவில்லை. சோறு ஆறிப் போயிற்று. சத்தியபாமா வீட்டுச் செருப்போடு தெருமுனை வரை போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து நின்றபோது டொரீன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் படலைக்குள் நுழைந்து வந்தாள். இத்தனை காலத்தில் அந்த முற்றத்தில் கால் வைத்த முதல் அயலவள் அவள்தான்.

“நான் சொன்னேன் அல்லவா? வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் பட்டியும் இல்லை, கவுன்சிலில் பதிந்த வில்லையும் இல்லை. யாரும் கேட்டுப் போகாவிட்டால் வைத்திருக்க மாட்டார்கள்.”

“வைத்திருக்காமல் என்ன செய்வார்கள்?”

“ஊசிதான்,” என்றாள் டொரீன், தன் கைகளைப் பார்த்தபடி. கார் இந்திரகுமாரோடு போய்விட்டது. பக்கத்திலிருந்த பெண்டில் ஹில் கடைத்தெருவைத் தாண்டி அவள் ஒருநாளும் தனியே போனதில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள்.

டொரீன் தெருவுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அங்கே சாமிட் என்ற மால்டாக்காரர் கோழியும் மரக்கறியும் வளர்த்துச் சந்தைக்குப் போட்டுவந்தார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் டிரக்கை எடுத்தார். மூன்று பேரும் முன் இருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். வண்டிக்குள் முட்டைக்கோவா இலை மணத்தது.

“காலையில் நான் தேநீர் குடிக்கும்போது என் கேட் வாசலுக்கு வந்துவிடுவான். டோஸ்டின் கரையெல்லாம் அவனுக்குத்தான். டஃபி என்று கூப்பிடுவேன்,” என்றாள் டொரீன்.

“அது முடிந்து என்னிடம் வருவான்,” என்றார் சாமிட். “முயல் கறி சமைத்தால் எலும்பு அவனுக்கு.”

சத்தியபாமாவுக்குச் சுருக்கென்றது. மத்தியானம் வரும்போது நாய் பட்டினியோடு வருகிறது என்றல்லவா அவள் ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டாள். கள்ளன், முயல் எலும்பும் தின்றுவிட்டு வந்து சொதிச் சோற்றை வழித்து நக்கியிருக்கிறான். கொஞ்சத் தூரம் போனபிறகுதான் வேறொன்று உறைத்தது. அவள் போகத் துடித்த வீடுகளுக்கெல்லாம் நாய் தினமும் போய் வந்திருக்கிறது.

“நீங்கள் ஏன் ஒருநாளும் என் வீட்டுக்கு வரவில்லை?” என்று தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நேராகவே கேட்டுவிட்டாள்.

டொரீன் திகைத்துப் போனாள். “நீ கூப்பிடவே இல்லையே.”

“படலை திறந்துதானே கிடந்தது.”

“உடைந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம்,” என்றார் சாமிட்.

நாய் அடைக்கிற இடத்தில், கம்பிக்குப் பின்னால் இருந்த வீமன் மூன்று பேரையும் பார்த்து ஒரேயளவாக வாலை ஆட்டினான். பொறுப்பாக நின்ற மனிதர் யாருடைய நாய் என்று கேட்டார். வில்லை எடுக்க வேண்டும், அதோடு கேட் சாத்திய வீட்டுக்குத்தான் விடுவேன் என்றார். இன்னொரு தடவை தெருவில் பிடிபட்டால் திருப்பித் தருவதில்லை என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

டொரீன் மெல்ல அவள் கையைத் தொட்டாள். “என் வேலியை நாய் தாண்டாது. கேட்டும் பூட்டுகிற கேட். நீ விரும்பினால் என் பெயரில் எடுக்கலாம். உனக்கு எப்போதும் திறந்துகிடப்பதுதான் பிடிக்கும் என்றால்.”

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள் என்று சத்தியபாமாவுக்குத் தெரிந்தது. ஆனால் பகலில் சாத்திய படலைக்குப் பின்னால் தான் இருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லை என்று ஊருக்குத் தானே அறிவித்த மாதிரி. வரக்கூடிய ஒருவர் இரண்டு பேரும் அத்தோடு வராமல் போவார்கள். மறுபக்கம் வீமன் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் இல்லாமல் மத்தியானத்தில் அந்த வீட்டில் இருக்க முடியாது என்பது அவளுக்கு அந்த நிமிஷம் நிச்சயமாகத் தெரிந்தது.

“நாய் என்னுடையது,” என்றாள். “கேட்டை இன்றைக்கே சாத்துகிறேன்.”

வீடு திரும்பியதும் சாமிட் கையோடு புதுக் கொக்கி ஒன்றை அடித்து, இரண்டு மூன்று தடவை மாட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இந்திரகுமார் வேலைக்குப் போனபிறகு வீமன் படலையடியில் நின்று முனகத் தொடங்கினான். அவளுக்குக் கேட்கச் சகிக்கவில்லை. குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். முனகல் சட்டென்று நின்றது. பயந்துபோய் வெளியே ஓடிவந்தாள்.

டொரீன் ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறுகையில் டோஸ்ட் தட்டுமாக உள்ளே வந்து, முழங்கையால் படலையைத் தள்ளிச் சாத்திக்கொண்டிருந்தாள். “அவன் வரமுடியாது அல்லவா, அதனால்தான்,” என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு. அவள் படியில் உட்காரப் போக, சத்தியபாமா உள்ளே ஓடி ஒரு கதிரையைத் தூக்கி வந்தாள். டோஸ்ட் முடிவதற்குள் சாமிட் கடதாசியில் சுற்றிய எலும்போடு வந்து நின்றார். இன்னொரு கதிரை வேண்டியிருந்தது.

பின்னேரம் இந்திரகுமார் வந்தபோது குசினியில் ஒரு பெரிய சட்டி நிறைய வடைக்குக் கடலைப்பருப்பு ஊறிக்கொண்டிருந்தது. அவன் பழக்கதோஷத்தில் படலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருந்தான். சத்தியபாமா யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

“போய்ச் சாத்திப்போட்டு வாங்கோ,” என்றாள். “சாத்திக் கிடந்தாத்தான் இஞ்ச ஆக்கள் வருவினம்.”