அறுபதாவது விடைத்தாள்

கணிதப் பேராசிரியரான எனக்கு அறுபது வரை எண்ணத் தெரியாது. இலுப்பூரில் ஒரு பஸ் நிறைய ஜனம் இதை நேரில் பார்த்திருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில், ஒரு மே மாதம். புதுக்கோட்டையில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தேன். அப்போதெல்லாம் பல்கலைக்கழகப் பரீட்சை விடைத்தாள்கள் திருத்துவதற்குப் பார்சலில் வீட்டுக்கே வரும். வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. திருத்தி அனுப்ப மறுநாள் கெடு. அன்றைக்கென்று இலுப்பூரில் மைத்துனர் மகளுக்குக் காது குத்து. மனைவி முதல் நாளே போய்விட்டாள். நான் அறுபது தாள்களையும் ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழியில் ஒன்றை உருவிப் பார்த்தேன். ஒரு மாணவன் தேற்றம் ஒன்றை நிரூபித்திருந்தான். நிரூபணம் தப்பு, எங்கே தப்பு என்பதுதான் பிடிபடவில்லை. "இலுப்பூரெல்லாம் எறங்குங்க!" என்ற குரலுக்கு இறங்கி, புளியமர நிழலில் நின்று, நாலாவது வரியில் தப்பைப் பிடித்துவிட்டு நிமிர்ந்தேன். பஸ் விராலிமலைக்குப் போயிருந்தது, பையோடு.

அது திரும்பி வர இரண்டு மணி நேரம். அறுபது பேருடைய ஒரு வருடப் படிப்பு; கூடவே என் வேலை. பக்கத்துக் கடையில் பொட்டுக்கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தில் பேனா எழுத்தைப் பார்த்ததும் கடலையைக் கொட்டிவிட்டுப் பிரித்துப் படித்தேன். நல்ல வேளை, யாரோ நாலாம் வகுப்புப் பிள்ளையின் காப்பி நோட்டு.

பஸ் வந்தது. கண்டக்டர் பையைத் தன் சீட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தே வந்திருந்தார். "பத்திரமா இருக்குங்க. சரியா இருக்கான்னு பாத்துக்கங்க."

எண்ணினேன். ஐம்பத்தொன்பது. மறுபடியும் ஐம்பத்தொன்பது. உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் எழுப்பி சீட்டுக்கு அடியில் தேடினேன். ஒரு அம்மாள் கூடையைத் தூக்கிக் காட்டி, "இங்கிட்டு இல்லைங்க. எங்கோழி காயிதம் திங்காது" என்றார்.

கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கையில மடிச்சு விசிறிக்கிட்டு நிக்கிறீங்களே, அது என்னங்க?"

பஸ்ஸே சிரித்தது. "காலேஜு வாத்தியாருங்களா? என்ன பாடங்க எடுக்குறீங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

"தமிழ்" என்றேன்.

அதற்குப் பிறகு, மூன்று வரி சரியாகப் போய் நாலாவதில் தடுக்கி விழும் நிரூபணத்தைக் கண்டால் என் சிவப்புப் பென்சில் கொஞ்சம் தயங்கும். கையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

சில வருடங்கள் கழித்துப் பேராசிரியராகி, தலைமைத் தேர்வாளராகவும் நியமனம் வந்தது. உத்தரவை மனைவியிடம் பெருமையாக நீட்டினேன். முழுக்கப் படித்துவிட்டுச் சொன்னாள்:

"போறப்ப அந்தக் கண்டக்டரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. எண்ணுறதுக்கு ஆள் வேணுமில்ல?"