விப்பா படுத்துக் காட்டிய இடுக்கு

ஆல்கோட்டோடு நான் பதினேழு வருஷம் பேசியிருக்கிறேன். அத்தனை பேச்சையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். கடலுக்குப் போன படகு திரும்பியதும், சாயங்காலம் ஆறு மணிக்குள் எனக்குப் போன் பண்ண வேண்டும் என்பது எங்கள் மிங்க் ஒழிப்பு வேலையில் சட்டம். போன் வராவிட்டால் நான் கடலோரக் காவலை அனுப்ப வேண்டும். அவன் தவறாமல் பண்ணுவான். "கரை சேந்துட்டேன்" என்பான். "சரி" என்பேன். அவ்வளவுதான். கல்லுக்கு வாய் முளைத்தால்கூட இன்னும் நாலு வார்த்தை பேசுமே என்று திட்டுவேன், போனை வைத்த பிறகு.

ரெஜிஸ்டர் எழுதுவதும் ஜூன் மாதம் பறவைக் கூடுகளை எண்ணுவதும் என் வேலை. நாயோடு வெளித்தீவுகளுக்குப் போய் மிங்க் தேடுவது அவன் வேலை. மிங்க் கீரி அளவில் இருக்கும் ஒரு ஜந்து. ரோமத்துக்காக எவனோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கூண்டில் வளர்த்தான். அது தப்பித்து எங்கள் கடலெல்லாம் பரவிவிட்டது. நீந்தியே எந்தப் பாறைக்கும் வந்து சேரும். பசிக்கு ஒன்றைத் தின்னும், வெறிக்கு நாற்பதைக் கொல்லும். ஒரே ஒரு மிங்க் புகுந்தால் போதும், ஒரு தீவில் கூடு கட்டும் ஆலாப் பறவைக் கூட்டமே காலி.

ஏப்ரலில் கடல்பனி உடைந்ததும், பறவைகள் முட்டையிடுவதற்கு முன்னால், ஒவ்வொரு பாறைத்தீவாக அலச வேண்டும். மோப்பம் கிடைத்தால் நாய் அந்த இடுக்கின் முன்னால் படுத்துக்கொள்ளும். ஆல்கோட் சருகு ஊதும் மெஷினை முதுகில் மாட்டி, குழாயை இடுக்குக்குள் விட்டு ஊதுவான். காற்று தாங்காமல் மிங்க் வெளியே பாயும், அவன் சுடுவான். சிரிக்காதீர்கள். இதைவிட நல்ல வழியை எந்த விஞ்ஞானியும் இதுவரை எங்களுக்குச் சொல்லவில்லை.

நாயின் பெயர் விப்பா. ஆல்கோட்டின் மனைவி சீவ், மகளுக்குப் பிள்ளை பிறந்ததென்று துர்க்கு நகரத்துக்குப் போனவள், திரும்பவே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. "அங்க பேச ஆள் இருக்கு" என்று கடையில் யாரிடமோ சொன்னாளாம். அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் நாயிடம்தான். ஒருநாள் படகுத்துறையில் என் காதாலேயே கேட்டேன். "என்னடி, நேத்து குடுத்த மீன் பிடிக்கலையா? மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? சரி சரி, நாளைக்கு ஈரல் வாங்கிட்டு வரேன்" என்று வழிநெடுகக் குழைந்துகொண்டே போனான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆமாம், ஒரு நாய்மேல்.

நாலு வருஷமாக வெளித்தீவுகளில் மிங்க் இல்லை. ரெஜிஸ்டரில் வரிசையாகப் பூஜ்யம். எங்களுக்குக் கொண்டாட்டம், விப்பாவுக்கோ சோர்வு. தேடித் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் இந்த நாய்களுக்கு மனசு விட்டுப்போகும். அதனால் மிங்க் தோல் துண்டு ஒன்றை ஒளித்து வைத்துத் தேடவிடுவோம்; கண்டுபிடித்தால் தொத்திறைச்சி கொடுப்போம். இதிலும் சட்டம் உண்டு. வேலை நடக்கும் தீவில் ஒளிக்கக் கூடாது, அன்றைக்கே திருப்பி எடுத்துவிட வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். ஆல்கோட் மூன்றையும் காற்றில் பறக்கவிட்டிருக்கிறான். அக்டோபர் முழுக்க யாரும் இல்லாத தேர்ன்ஷேர் தீவுக்கு விப்பாவைக் கூட்டிப்போய்க் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஏப்ரலில் தேர்ன்ஷேரை அலசிவிட்டுப் போன் பண்ணினான். "கரை சேந்துட்டேன்."

"ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல."

பூஜ்யம் போட்டேன்.

ஜூன் பத்தாம் தேதி கூடு எண்ணப் போனேன். தேர்ன்ஷேரில் போன வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு கூடு. வழக்கமாகக் கரையில் கால் வைத்ததுமே ஆலாக்கள் தலையில் கொத்த வரும். அதற்காகவே தொப்பிக்குள் அட்டை வைத்துக்கொண்டு போவேன். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. முட்டைகளெல்லாம் கடிபட்டுக் கிடந்தன. கிழக்கே பிளந்த பாறையின் இடுக்கில் செத்த பறவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கப்பட்டிருந்தன. வெளியே இழுத்து எண்ணினேன், முப்பத்தெட்டு. எண்ணுவதுதானே என் பிழைப்பு. பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

முதல் தடவையாக நான் அவனுக்குப் போன் பண்ணினேன்.

"தேர்ன்ஷேர் போச்சு, ஆல்கோட்."

"எந்தப் பக்கம்?" என்றான்.

"கிழக்க. பிளந்த பாறை."

போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம்: நான், அவன், துர்க்குவிலிருந்து வந்த ஆராய்ச்சி அதிகாரி பிர்க்கோ. விப்பாவுக்கு வயது பதினொன்று, பின்னங்கால் மடங்காது. படகிலிருந்து அவளைத் தூக்கித்தான் இறக்கினான். அவள் வேறெங்கும் மோந்து பார்க்கவில்லை. நேராகப் பிளந்த பாறைக்குப் போய் இடுக்கின் முன்னால் படுத்து, அவன் முகத்தையே பார்த்தாள். அவன் ஊதினான். மிங்க் பாய்ந்தது. சுட்டான். இத்தனையும் பத்து நிமிஷத்தில் முடிந்தது, இரண்டு மாதம் தாமதமாக.

பிர்க்கோ நல்ல பெண். ஆல்கோட்டின் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "ஏப்ரல்ல நாய் கோட்டை விட்டிருக்கு. வயசாச்சு, மூக்கு மந்தமாயிருக்கும். அப்படியே எழுதிடுங்க ரக்னி. யார் மேலயும் தப்பில்ல" என்றாள்.

நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதத்தான் இருந்தேன். நாய்க்கு என்ன மானம், என்ன மரியாதை? ஆளாவது தப்பித்துக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன்.

"அவ மூக்கு மந்தமில்ல" என்றான் ஆல்கோட்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துப் பாறையில் வைத்தான். உள்ளே மிங்க் தோல் துண்டு. "இதை அக்டோபர்ல இங்க ஒளிச்சு வெச்சிருந்தேன். ஏப்ரல்ல அவ இதே இடத்துல படுத்தா. எடுக்க மறந்துட்டோம், அதத்தான் காட்டறானு நெனச்சேன். தொத்திறைச்சி குடுத்தேன். அவ திங்கல. திரும்பிப் போய்ப் படுத்தா. கூப்பிட்டேன். மறுபடியும் போய்ப் படுத்தா. கழுத்துப் பட்டையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்." டப்பாவை மூடினான். "நேத்து ரக்னி போன் பண்ணினப்புறம் என் குளிர்கோட்டத் தேடினேன். துண்டு அதுலதான் இருந்துச்சு. அக்டோபர்லயே எடுத்து வெச்சிருக்கேன், பாவி."

பதினேழு வருஷத்தில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இத எழுதினா உங்க லைசென்ஸ் போயிடும். நாயையும் வேலைக்கு எடுக்க முடியாது" என்றாள் பிர்க்கோ.

"போகட்டும். அவ தப்பு பண்ணினானு மட்டும் எழுதாதீங்க."

எழுதினேன். ஏப்ரல் பக்கத்தில் பூஜ்யத்தை அடித்து, 'நாய் காட்டியது. ஆள் நம்பவில்லை' என்று எழுதினேன். அவன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். கரைக்கு வந்ததும் படகுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு நடந்து போனான்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடித்தது. கடலில் யாரும் இல்லையே என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

"கரையிலதான் இருக்கேன்" என்றான்.

"சரி" என்று பழக்கதோஷத்தில் வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. அவனைக் கல் என்று திட்டினேனே, நான் மட்டும் வாய் ஓயாமல் பேசினேனா? பதினேழு வருஷத்தில் சாப்பிட்டாயா என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா? என் வீட்டு மேஜையிலும் ஒரே ஒரு தட்டுதானே இருக்கிறது! மறுபடியும் எண்ணை அழுத்தினேன். உடனே எடுத்தான்.

"விப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றான். "படகுத்துறையிலயே படுத்திருக்கா. நான் கூப்பிட்டா வரமாட்டேங்கறா, ரக்னி."

அன்றைக்கு நான் போனை வைக்கவில்லை.