பந்தியிலிருந்து எழுந்து வந்த பை

காலை பத்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர் மாடியேறி வந்து, "அம்மா, அந்தப் பை தீந்துபோச்சு. ஏஜெண்டுகிட்டயும் சரக்கு இல்லையாம்" என்றார்.

குடலில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த என் மகளுக்கு வாய்வழியாக எதுவும் கூடாது. நரம்பு வழியாக இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பால்நிறப் பைதான் அவளுக்கு இட்லி, சோறு, குழம்பு எல்லாமே. மாலையோடு அது முடிந்துவிடும். ஒரு ராத்திரியைக் குளுக்கோஸில் ஓட்டலாம், அதற்குமேல் பிள்ளை துவண்டுவிடும் என்றார் டாக்டர். காரைக்குடியில் அவர் கேட்ட இடமெல்லாம் இதே கதைதான்.

பையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் கைகூப்பும் படங்கள் வந்தன. பிறகு ஆட்களே வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகும் வழக்கம் எங்கள் வீட்டாருக்குக் கிடையாது. தேவகோட்டைச் சித்தி பால் பணியாரம் கொண்டுவந்தார். புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் பிளாஸ்க் நிறையக் கஞ்சியோடு வந்தார்.

"பை கெடச்சுச்சாண்ணே?"

"சொல்லி வச்சிருக்கேன் ஆத்தா. அதுவரைக்கும் இந்தக் கஞ்சிய வடிகட்டி அந்தக் குழாயில விட்டா என்ன?"

"விட்டுப் பாருங்க. அடுத்த கட்டில் ஒங்களுக்குத்தேன்" என்றார் நர்ஸ்.

"அம்மா, பணியாரத்த மோந்தாவது பாத்துக்கிறேனே" என்று கெஞ்சினாள் மகள். நான் தூக்குவாளியோடு வராந்தாவுக்கு ஓடினேன்.

மதியம் டாக்டருக்கு மதுரையிலிருந்து தகவல் வந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரி தன் இருப்பிலிருந்து இரண்டு பைகளை விட்டுத்தரச் சம்மதித்திருந்தது. உடனே எடுத்துவரத்தான் ஆள் இல்லை. என் நாத்தனார் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது நினைவுக்கு வர, போன் போட்டேன். "பந்தியில உக்காந்திருக்கேன்" என்றார். நான் விஷயத்தையும் ஆஸ்பத்திரி பெயரையும் சொல்லி முடித்ததும் இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

அதன்பிறகு நான் கதவைப் பார்ப்பதும் பையைப் பார்ப்பதுமாக இருந்தேன். இன்றைக்கும் எங்காவது குளுக்கோஸ் பாட்டில் தொங்கினால், யாருடையது என்றுகூடப் பார்க்காமல், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

பை சுருங்கி மடியத் தொடங்கியபோது கதவு திறந்தது. பட்டுப்புடவையும் தலைநிறைய மல்லிகையுமாக நாத்தனார். மார்போடு அணைத்திருந்த துண்டுக்குள் இரண்டு பைகள்.

"பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு ஓடியாந்தேன். பொண்ணு வீட்டுல எனக்கு என்னமோ கொறை வச்சுட்டாகன்னு அங்க ஒரே ரகளை. அதப் பெறகு பாத்துக்கலாம், மொதல்ல இத மாட்டச் சொல்லு!"