மாமியாருக்கு உடம்பு சரியில்லை

பினாங்கின் பாயான் பாருவில் நான் வேலை செய்த மின்னணுத் தொழிற்சாலையில் யாரும் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டால், வர விருப்பமில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. வீட்டில் ஏதோ கஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கூப்பிடுகிறவருக்கும் அது பொய் என்று தெரியும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். இதில் நான் கெட்டிக்காரி. கெலுகோரில் எங்கள் வீட்டில் என் மாமியார் குத்துக்கல் மாதிரி இருந்தார். தொழிற்சாலையில் அவருக்கு வராத நோயே கிடையாது.

அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டு ஜொகூருக்குக் கொண்டுபோவதாக ஒருநாள் அறிவித்தார்கள். விருப்பமுள்ளவர்களுக்கு அங்கே வேலை உண்டாம். பினாங்கிலிருந்து ஜொகூர் என்றால் நாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை. கணவரின் வேலை இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே. கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்றிருந்தால்கூடப் பாலம் தாண்டிப் போய் வந்திருப்பேன்.

ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தது மனிதவளப் பிரிவில் இருந்த ஒரு தமிழ்ப் பெண். என்னைவிட வயதில் சின்னவள். காப்பி கலந்து கொடுத்து, "ஜொகூருக்கு வர்றீங்களாக்கா?" என்றாள். அவ்வளவு தூரம் வரமுடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாமியாருக்கு உடம்பு சரியில்ல மிஸ்" என்றேன்.

ஐயோ பாவம் என்றாள். சொந்தக் காரணத்தால் விலகுவதாக எழுதிய ஒரு தாளை நீட்டினாள். கையெழுத்துப் போட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த அக்கா அப்படியில்லை. "கம்பெனிதான் போவுது, நானா போறேன்? ஜொகூர் ரொம்ப தூரம்லா, முடியாது" என்று வெளியே கேட்கும்படி சொன்னார்.

"மூஞ்சில அடிச்ச மாதிரியா பேசுவீங்க?" என்று அவரைக் கடிந்துகொண்டவள் நான்தான்.

அவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடைத்தது. எனக்கு இல்லை. நானாக விலகிப் போனவளாம்! மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவளுக்கு அந்தப் பெயர்.

அக்காதான் என்னைத் தொழிலாளர் இலாகாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த மலாய் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வேலையிடத்தை மூடிவிட்டு அவ்வளவு தூரம் வரச்சொன்னால் மறுப்பது நியாயம்தான், அதற்காக இழப்பீடு இல்லாமல் போகக் கூடாது என்றார். தூரத்தால்தான் மறுத்தேன் என்று விசாரணையில் தெளிவாகச் சொல்லுங்கள் என்றும் சொல்லியனுப்பினார். வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். மாமியாரே எதிரில் உட்கார்ந்து அதிகாரி மாதிரி கேள்வி கேட்டார்.

விசாரணைக்குத் தொழிற்சாலை சார்பில் அந்த மனிதவளப் பிரிவுப் பெண்தான் வந்தாள். அதிகாரி கோப்பைத் திறப்பதற்குள் என் கையைத் தொட்டாள். உண்மையான அக்கறைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"மாமியாருக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?"

"இப்ப பரவாயில்ல மிஸ்" என்றேன்.

என்ன பேசினோம் என்று அதிகாரி கேட்டார். அவள் மலாயில் சொன்னாள். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார். அதற்குமேல் நான் தூரம் தூரம் என்று சொன்னதெல்லாம் எடுபடவில்லை.

வீட்டில் மாமியார் மீன் குழம்பு வைத்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"எல்லாம் சரியா சொல்லிட்டியாம்மா?" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.