துபாய்க்கும் மதுரைக்கும் எத்தனை மணி நேரம்?

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் டிக்கெட் போடுவதுதான் சுலபமான வேலை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கப் போனால்தான் சனி பிடிக்கிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காலம் தள்ளும் அன்பர்களே, ராஜபாளையத்தில் டிராவல்ஸ் கடை வைத்திருக்கும் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஏற்றமா, இறக்கமா?

கூமாப்பட்டியிலிருந்து முத்துமாரியும் அவள் கணவர் கருப்பசாமியும் வந்தார்கள். மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் துபாயில் இருந்தார். முத்துமாரிக்கு ஒரே அண்ணன். ஏழு வருடமாக ஊர்ப் பக்கம் வராதவர், தங்கை கல்யாணத்துக்கே வராதவர், இப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வரவும் திரும்பிப் போகவும் சேர்த்து டிக்கெட் போட்டேன்.

கருப்பசாமி தாளை வாங்கி விரல் விட்டு எண்ணினார். வரும்போது ஒன்றரைக்குக் கிளம்பி, காதுகுத்து அன்று காலை ஏழுக்கு மதுரை. போகும்போது பதினொன்றரைக்குக் கிளம்பி இரண்டுக்குத் துபாய். ஆக, வர ஐந்தரை மணி நேரம், போக இரண்டரை. இரண்டுமே நாலு மணி நேரம்தான், துபாய்க் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது, தாளில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள் என்று மூன்று விதமாக விளக்கினேன். மூன்றாவது விளக்கத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மலையடிவாரத்துக்காரர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ போறப்ப எறக்கம், வாரப்ப ஏத்தம். அம்புட்டுத்தான?"

மண்டபத்து வாசல்

காதுகுத்துக்கு முந்தின நாள் முத்துமாரி தனியாக வந்தாள். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. அதற்குள் அண்ணன் வராவிட்டால் அவளுடைய பெரியம்மா மகன் மடியில் பிள்ளையை வைத்துவிடலாம் என்று கணவர் வீட்டில் முடிவு செய்திருந்தார்களாம். சொல்லும்போதே கண் கலங்கியது. தெம்பு சொல்வதாக நினைத்து, மூவாயிரம் கிலோமீட்டரை நாலே மணி நேரத்தில் கடக்கிற விமானமம்மா என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. "கிலோமீட்டர் எதுக்குண்ணே? எங்கண்ணன் மண்டபத்து வாசல்ல எத்தனை மணிக்கு நிப்பான், அதச் சொல்லுங்க."

கூட்டிய கணக்கு

பதினொன்று என்றேன். தாளில் ஏழு என்றுதான் இருந்தது. கருப்பசாமிக்கு விளக்கிய குழப்பத்தில் அதோடு ஒன்றரையைக் கூட்டி எட்டரை ஆக்கினேன். சோதனை, பெட்டி, ரோடு எல்லாம் சேர்த்தால் பதினொன்று. மதுரை நேரத்திலேயே போட்டிருந்த ஏழோடு எதற்காகக் கூட்டினேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. முத்துமாரி அந்தப் பதினொன்றை வீட்டில் சொல்ல எழுந்து போனாள்.

மறுநாள் விருந்துக்கு நானும் போயிருந்தேன். ஒன்பதரைக்கே பெரியம்மா மகன் மடியில் வைத்துக் காது குத்தி முடித்துவிட்டார்கள். பத்து அடிப்பதற்குள் அண்ணன் பெட்டியோடு வந்து நின்றார். துபாய் சிம்மை வைத்துக்கொண்டு வழியில் யாரிடமும் பேச முடியவில்லையாம். தோடு போட்ட பிள்ளை அவரைக் கண்டதும் அம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்டது. முத்துமாரியிடம் போய், ஒன்றரை மணி நேரத்தைத் தப்பாகக் கூட்டியது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒன்னரை மணி நேரத்துக்கு நீங்க எதுக்குண்ணே கலங்குறீக? நாலு மணி நேரத்துல வாரதுக்கு எங்கண்ணனுக்கு ஏழு வருசம் ஆயிருக்கு."

அன்றிலிருந்து துபாயிலிருந்து வர எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும், அது வருகிறவரைப் பொறுத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன்.