பச்சை எதுவும் கொடுக்காதீர்கள்

போன வியாழக்கிழமை என் மகள் சுதாவுக்குப் பச்சை நிறம் தடை செய்யப்பட்டிருந்தது.

வெள்ளரிக்காய் கேட்டாள் - கிடையாது. கொய்யாக்காய் கேட்டாள் - கிடையாது. யாரோ கொடுத்த பச்சை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்... பாதி கரைந்த நிலையில் அது வெளியே எடுக்கப்பட்டது. மூன்றரை வயதுக் குழந்தை. ஏன் என்று கேட்டதற்கு, "உங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்குது" என்று பதில்.

சொன்னது நான்தான். ஆனால் நான் சொன்னது அது இல்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். குழந்தை தும்மினால் ஸ்வெட்டர். தும்மாவிட்டால், ஏன் தும்மவில்லை என்று கவலை. இப்படிப்பட்டவள் இருக்கிற ஊரில், போன மாதம் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு நர்ஸ் அம்மாள் பேச வந்தார். என்ன பேச்சு? சமைக்காமல் சாப்பிடக்கூடாத பொருள்களைப் பற்றி. மற்றவர்கள் சுண்டல் வரும்வரை கேட்டார்கள். நான் சுண்டல் வந்த பிறகும் கேட்டேன்.

காய்ச்சாத பாலில் கிருமி இருக்கலாம். வேகாத முட்டையிலும் அப்படியே. தோல் பச்சை பாய்ந்து முளைவிட்ட உருளைக்கிழங்கைத் தூர எறிந்துவிட வேண்டும். கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டையைப் பிடுங்கும் - இது எந்த மருமகளுக்கும் தெரியும். என்னை உலுக்கியது மரவள்ளிதான். எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்போம். அதில் விஷம் இருக்கிறதாம். தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பயமில்லை. பச்சையாகத் தின்றால்...

நர்ஸ் அம்மாள் அந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

நானே சின்ன வயதில் பச்சைக் குச்சிக்கிழங்கைக் கடித்துத் தின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து நாக்கில் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். பார்த்தேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே வெந்தது. வெங்காயப் பச்சடி நின்றது. கேரட்டும் வெந்துதான் தட்டுக்கு வந்தது. என் கணவர் ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "மோரை மட்டும் ஏன் விட்டுட்டே? அதையும் ஒரு கொதி விடேன்" என்றார். நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன்.

தாமலில் என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் சுதாவுக்குச் சளி. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குச் சளி பிடித்த பிள்ளையைத் தூக்கிப் போகலாமா? கூடாது. அப்படியானால் சுதாவை யாரிடம் விடுவது?

வேறு யார், ராஜம்மாக்காதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் இருப்பது நெசவாளர் தெரு. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ராஜம்மாக்கா வீடு. உள்ளே தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கணவர் தறியில் உட்கார்ந்திருப்பார். இவர் ராட்டையைச் சுற்றி அவருக்கு நூல் தயார் செய்துகொண்டே தெருவில் போகிற வருகிற எல்லோரையும் கிண்டல் செய்வார். என்னைக் கிண்டல் செய்வதற்குத் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் சுதா என்றால் உயிர்.

காலையில் குழந்தையை அவரிடம் விட்டேன். கஷாயம், துண்டு, மாற்றுக் கவுன் எல்லாம் கொடுத்தேன். வாசல்வரை போனேன். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்தேன்.

"அக்கா, ஒரு விஷயம். பச்சையா இருக்கிறது எதுவும் சுதாவுக்குக் குடுத்துடாதீங்க."

ராட்டை நின்றது. "எதுவுமா?"

"எதுவும்."

"கொஞ்சூண்டுகூட?"

"கொஞ்சூண்டுகூட வேணாம் அக்கா."

"சரிமா. நீ படிச்சவ. அதுல இன்னாமோ இருக்கும். பஸ்ஸு பூடும், போய்ட்டு வா."

நான் நிம்மதியாகத் தாமல் பஸ் ஏறினேன். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக பஸ் ஏறிய நாள்கள் குறைவு. அதில் ஒன்று இப்படியாயிற்று.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் திரும்பினேன். சுதா வாசலிலேயே புகாரோடு நின்றாள். வெள்ளரிக்காய் கதை, கொய்யாக்காய் கதை, மிட்டாய் கதை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியாகச் சொன்னாள்: "குச்சிக்கெழங்கு மட்டும் குடுத்தாங்கம்மா. கடுக்கு கடுக்குன்னு இருந்துச்சு."

வெந்த கிழங்கு கடுக்கென்று சத்தம் போடாது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவர் வாசலைத் தாண்டி உள்ளே ஓடினேன். "அக்கா, இவளுக்குக் குச்சிக்கிழங்கு குடுத்தீங்களா?"

"ஆமாமா. வேகப் போடலாம்னு நறுக்கிக்கினு இருந்தேன். ஒரு துண்டு குடுன்னு உயிர எடுத்தா. குடுத்தேன்."

"பச்சையாவா?"

"பச்சையாவா? தோல உரிச்சு, வெள்ள வெளேர்னு குடுத்தேன்." முறத்தில் மீதியிருந்த கிழங்கைத் தூக்கிக் காட்டினார். "பாரு. எங்க இருக்குது பச்ச?"

கிழங்கைப் பார்த்தேன். அதில் பச்சை இல்லைதான்.

"பச்சையா இருக்கிறது குடுக்காதீங்கன்னா... வேகாதது குடுக்காதீங்கன்னு அர்த்தம் அக்கா."

"இது இன்னா நாயம்? எங்க தெலுங்குல வேகாதது பச்சி. கலரு பச்ச. நீ பச்சைன்னுதானே சொன்னே?"

"தமிழ்ல ரெண்டும் பச்சைதானே அக்கா? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா போன வாரம் இன்னா சொன்னே? செவப்பு மிட்டாயி வேணாம், சாயம் கலந்துருக்குதுன்னே. அன்னிக்கு செவப்பு, இன்னிக்கு பச்சன்னு நான் நெனச்சிக்கினேன். நாளைக்கு மஞ்ச வேணாம்னு வருவேன்னுகூட எங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்லிக்கினு இருந்தேன்."

தறியிலிருந்து "ஆமாமா" என்று ஒரு குரல் வந்தது.

சொல்லுங்கள், யார்மேல் கோபப்படுவது? செவப்பு வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான். ஆனால் அப்போது கோபப்படவும் நேரமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். பின்னால் செருப்புக்கூடப் போடாமல் ராஜம்மாக்கா. கையில் மிச்சக் கிழங்கு. எதற்கு என்று கேட்டதற்கு, "டாக்டரு பாக்கணும்னா?" என்றார். விஷம் என்ற வார்த்தையை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

டாக்டர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். நான் மாதர் சங்கத்தில் கேட்டதை எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் என்னை விட்டுவிட்டு ராஜம்மாக்காவைப் பார்த்தார். "எவ்வளவு தின்னா?"

"என் சுண்டுவெரல்ல பாதி சார்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னண்டு மணி சங்கு ஊதசொல்ல."

சுதாவின் கண்ணை விரித்துப் பார்த்தார். நாடி பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "கசந்துச்சாம்மா?"

"இல்ல. தேங்கா மாரி இருந்துச்சு" என்றாள் சுதா.

"பச்சைக் குச்சிக்கிழங்குல விஷம் இருக்கறது வாஸ்தவம்தான்" என்று டாக்டர் ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை. ராஜம்மாக்கா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையிலிருந்த கிழங்கை ஒரு கடி கடித்து மென்றார்.

கடுக்கென்று சத்தம் கேட்டது.

"ஏம்மா, என்ன பண்றே?" டாக்டர் எழுந்தேவிட்டார்.

"கொழந்தைக்கு இன்னா ஆவுதோ, அது எனக்கும் ஆவட்டும் சார்."

டாக்டர் கிழங்கைப் பிடுங்கி வாசல் பக்கம் எறிந்தார். "ஒரு பேஷன்ட்டு வந்தீங்க. இப்ப ரெண்டா? வாயில இருக்கறதத் துப்பு முதல்ல."

துப்பினார். ஆனால் பாதி உள்ளே போய்விட்டது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னார். விஷம் இருப்பது உண்மை. கசப்பு அதிகமுள்ள கிழங்கில் மிக அதிகம். கசக்கவில்லை என்பதற்காகப் பச்சையாகத் தின்னலாம் என்று அர்த்தமில்லை. குழந்தை தின்றது சின்னத் துண்டு, மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது, நன்றாகவே இருக்கிறாள். "பயப்பட ஒண்ணும் தெரியல. ஆனா விளக்கு வெக்கற வரைக்கும் கண்ணை எடுக்காம பாருங்க. வாந்தி, தலைச்சுத்தல், மூச்சு வாங்கறது, எழுப்பினா எழுந்திருக்காம மயக்கமா கெடக்கறது - இதுல எது வந்தாலும் உடனே தூக்கிட்டு ஓடி வாங்க." பிறகு ராஜம்மாக்காவைக் காட்டினார். "இந்தம்மாவையும்தான்."

வீட்டுக்கு வந்தோம். இரண்டு பேரையும் எங்கள் கூடத்தில் உட்காரவைத்து எதிரே நான் உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சளி பிடித்த குழந்தை சாயங்காலம் என்ன செய்யும்? தூங்கும். சுதா தூங்கினாள். எனக்கு அது தூக்கமா, மயக்கமா?

எழுப்பினேன். "சுதா, உன் பேர் என்னம்மா?"

"சுதா."

கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும். "சுதா, உன் பேர் என்ன?"

"இப்பத்தானே நீயே சொன்னே?" என்று சிணுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மயக்கத்தில் இருக்கிற குழந்தை இப்படி மடக்காது என்று தோன்றியது. ஆனாலும் தோன்றுவதை நம்பலாமா? மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன். சளி மூச்சு கர்புர் என்றது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

திரும்பினால் ராஜம்மாக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். பதறிப்போய் உலுக்கினேன். "அக்கா, உங்க பேர் என்ன?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பச்சையம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் அவர் உதட்டோரம் பார்த்தேன். இரண்டு மணி நேரமாக அழாமல் இருந்தவள், அப்போது அழுதுவிட்டேன். அவர் என் தலையில் கை வைத்து, "அழுவாதமா. நானும் அழுதுடுவேன். அப்பறம் யாரு யாருக்கு மயக்கம்னு டாக்டருக்கே தெரியாது" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சுதா தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பசிக்குது" என்றாள்.

சாதாரண நாளில் அந்த வார்த்தைக்கு நான் அலுத்துக்கொள்வேன். அன்றைக்கு, மகாராணி கட்டளையிட்ட மாதிரி இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்து ஓடினோம். ரசம் சாதம் ஒரு கிண்ணம் முழுக்கத் தின்றாள். இன்னும் கேட்டாள். ராஜம்மாக்கா அவளை மடியில் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பழைய வாய் திரும்பியது. என்னைப் பார்த்தார்; அவருக்கு நான் சுதாம்மா.

"ஏன் சுதாம்மா, பச்சத்தண்ணி பச்சையாவா இருக்குது?"

"இல்லை."

"பச்சக்கற்பூரம் வெள்ளையா இருக்குது. அத வேகவெக்காமலே கோயில்ல தீர்த்தத்துல போட்டுக் குடுக்கறாங்க. நீ கைய நீட்டி வாங்கிக் குடிக்கறே."

"ஆமாம்."

"பச்சரிசி? அத பொங்கி எறக்கி எலையில போட்டப்பறமும் பச்சரிசி சோறுன்றீங்க. வெந்துதா, வேகலியா? குடுக்கலாமா, வேணாமா?"

நான் பி.ஏ. வரை படித்தவள். தமிழில் நல்ல மார்க். சுதாவின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

ஆபீஸிலிருந்து வந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டார். முதலில் குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே நீ ஊருக்குப் போறப்போ ராஜம்மாகிட்ட எதுவும் சொல்லாமப் போயேன். ஊமையா இருந்தா யாருக்கும் ஆபத்தில்லை" என்றார். ராஜம்மாக்கா அதை ஆமோதித்தார். சுவருக்கு அந்தப் பக்கத் தறியிலிருந்தும் "ஆமாமா" வந்தது.

ஆனால் எனக்குச் சிரிப்பு அடங்கின பிறகும் ஒன்று உறுத்தியது. குழந்தைக்குப் பயந்து பயந்து நான் எத்தனையோ சொல்கிறேன். அதில் பாதிக்குக் காரணம் சொல்வதில்லை. குச்சிக்கிழங்கு வேகாமல் தின்றால் விஷம் என்று அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ராஜம்மாக்கா அந்தக் கிழங்கைச் சுதா கண்ணிலேயே காட்டியிருக்க மாட்டார். நாம் பாட்டுக்கு அரைவேக்காடாக ஒரு பேச்சை எடுத்து நீட்டிவிட்டு, கேட்கிறவர்கள் அதைச் சரியாக ஜீரணிக்கவில்லை என்று குறைப்படுகிறோம். நியாயமா?

திங்கட்கிழமை மறுபடியும் தாமல் போக வேண்டியிருந்தது. தொட்டிலிடும் விசேஷம். சுதாவுக்குச் சளி இன்னும் விடவில்லை. யாரிடம் விடுவது? இந்தத் தடவை நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேரே ராஜம்மாக்காவிடம் போனேன். அவர்தான் தயங்கினார். "என்னய நம்பியா வுடறே?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். குழந்தையை அவர் இடுப்பில் ஏற்றி வைத்தேன். அதுதான் பதில்.

பிறகு உத்தரவு. இந்தத் தடவை ஒரு சந்தேகத்துக்கும் இடம் வைக்கக் கூடாது என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். நிறம் கிடையாது, இரட்டை அர்த்தம் கிடையாது.

"அக்கா, வேகவெச்சதை மட்டும் குடுங்க. வேகவெக்காதது எதுவும் வேணாம். சரியா?"

"சரிமா. இப்பத்தான் தெளிவா சொல்லிக்கிறே."

எனக்கே பெருமையாக இருந்தது. தெருமுனைவரை தலைநிமிர்ந்து நடந்தேன். பஸ் திரும்புவதும் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ராஜம்மாக்காவின் குரல்:

"சுதாம்மா... வாழப்பழத்த எத்தினி விசிலுக்கு வெக்கணும்?"